நான்கெல்லை

சி டிரைவ் சிவப்பாகி ஒன்பது நாள்.
ஒரு பத்திரம் சேமிக்க
ஒரு பத்திரம் அழிக்க வேண்டியிருக்கிறது.
சப்-ரிஜிஸ்தர் ஆபீஸ் எதிரே குடை போட்டு உட்காரும்
துலுக்காணம் சார் அனுப்புகிற பாகப்பிரிவினைகளை
பக்கத்துக்கு இருபது ரூபாய் என்று
வீட்டிலிருந்தே அடித்துத் தருகிறேன்.
வடக்கே பொதுச்சந்து,
தெற்கே மேற்படியாரின் மிச்ச மனை,
கிழக்கே கைப்பம்பு,
மேற்கே வழக்கில் இருக்கும் சுவர்.
ஆறடி அகலத்துக்கு அண்ணனும் தம்பியும்
மண்டை உடைத்துக்கொண்டிருப்பார்கள்.
காற்புள்ளி போட்டு அதைச் சமாதானமாக்குவது
என் வேலை.

இன்றைக்கு என் சொத்து.
திரையில் மூன்று கட்டம், லைன் வீடு மாதிரி.
சி என்னுடையது, மூச்சு விட இடமில்லை.
டி தணிகாசலத்துடையது.
ஈ, பையன் படிப்புக்கென்று ஒதுக்கியது.
அவன் போனோடு போய்விட்டான்;
பழைய ஹால் டிக்கெட் ஒன்று மட்டும் குடியிருக்கிறது.
ஈ என்றால் கொடு என்று ஆறாம் வகுப்பில் படித்தது.
கொடுக்கவும் தயார்தான்.
ஆனால் இடம்
பக்கத்தில் இருந்தால்தான் சேருமாம்.
நடுவில் டி.

துலுக்காணம் சாரைக் கேட்டிருந்தால்
அன்றைக்கே சொல்லியிருப்பார்:
ஒட்டு மனையா இல்லாம எப்டிம்மா ஒரே பட்டா?

ஆக, டி முழுவதையும்
துணுக்குத் துணுக்காய்த் தூக்கி
வலப்பக்கம் தள்ளிவைக்க வேண்டும்.
டயர் ரசீதுகளின் படங்கள்,
எங்கெங்கோ கவிழ்ந்த லாரிகள்,
‘தொடாதே’ என்று பெயர் வைத்த ஒரு ஃபோல்டர்.
நான் திறந்ததில்லை.

பத்து மணிக்குப் போன் போட்டேன்.
எண்ணூர் ரோட்டில், கன்டெய்னர் வரிசையில்,
நேற்று சாயங்காலத்திலிருந்து.
“என் டி-ய தொடாத.”
“தொடல. நகத்துறேன்.”
“அப்ப அதெல்லாம் எங்க இருக்கும்?”
“அங்கியேதான். கொஞ்சம் தள்ளி.”
ஏர்பிரேக் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.
“சரி, செய்யி.”

நடுவில் மின்சாரம் போனால்
எதற்கும் உத்தரவாதமில்லை என்றது திரை.
தண்டையார்பேட்டையில் இதை யாரிடம் போய்ச் சொல்ல?
ஜெராக்ஸ் கடை அமீருதீனிடம்
ஓர் ராத்திரிக்கு யு.பி.எஸ். இரவல்.
பன்னெண்டு நிமிஷம் தாங்கும்கா, என்றான்,
அதுவும் ஃபேன் போடாம.

மீதி நேரம் ஏழு மணி என்றது.
அப்புறம் நாலு. அப்புறம் பதினொன்று.
காற்று மணலிப் பக்கமிருந்து திரும்பி
அழுகின முட்டை வாடை.
“எத்தினி?” என்று ஒரு மெசேஜ்.
“நாப்பத்தொண்ணு. நீ?”
“ரெண்டு வண்டி நகந்துது.”

ரெண்டு பத்துக்குக் கரன்ட் போனது.
தெருவே அணைந்து, என் திரை மட்டும்.
அறுபத்தொன்று.
பாதி டி பழைய இடத்தில்,
பாதி டி புது இடத்தில்,
தணிகாசலம் எங்கேயும் முழுசாக இல்லை.
யு.பி.எஸ். குழந்தை ஷூ மாதிரி
பீப், பீப் என்று நடக்க ஆரம்பித்தது.
நிறுத்தத் தெரியவில்லை.
எதிர்வீட்டு மாடியில் யாரோ
டிரான்ஸ்ஃபார்மரை அம்மா பேர் சொல்லித் திட்டினார்கள்.
கையால் பிடித்தால் நிற்கும் போல
சி.பி.யு.வைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
அது என்னைவிடச் சூடாக இருந்தது.

ஒன்பதாவது நிமிஷம் வந்தது.

விடிகிற நேரம் முடிந்தது.
சி நீலமாகியிருந்தது.
டி-யைத் திறந்து எண்ணிப் பார்த்தேன்:
ரசீது, லாரி, ரசீது.
‘தொடாதே’யைத் திறக்கவில்லை;
அளவை மட்டும் பார்த்தேன்.
பூஜ்யம்.
அதையும் சேர்த்துத்தான்
ராத்திரி முழுக்கச் சுமந்திருக்கிறது.

“கேட் உள்ள வந்துட்டேன்,” என்றார் போனில்.
“எல்லாம் இருக்கா?”
“இருக்கு,” என்றேன்.
“ஒண்ணும் போவல.”