தாம்போ கெமாடோ, பகல் பதினொன்று

பேனா சொந்தமாக இருக்கட்டும்.
இரவல் பேனாவுக்குப் பின்னால் ஒரு வரிசையே நிற்கும்.
வெளியேறும் முத்திரை விழுந்ததா என்று
அங்கேயே புரட்டிப் பார்.
அந்தப் பக்கம் போய் அது இல்லையென்றால்
இவ்வளவு உயரத்தில்
மூச்சிரைக்கத் திரும்பி நடப்பாய்.
பஸ் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொள்,
எல்லாமே வெள்ளை பஸ்.

பழம் மட்டும் கூடாது. விதைகூட.

எவுலாலியா சோக்கே,
அரிக்காவில் பிள்ளை பெற்றிருக்கும் மகளுக்கென்று
லா பாஸிலிருந்து மடியில் வைத்து வந்த சீத்தாப்பழத்தை
வரிசையில் நின்றபடியே பிட்டாள்.
எனக்கொரு துண்டு. லாரிக்காரனுக்கு ஒன்று.
கறுப்பு விதைகளைப்
பொலிவியாவிலேயே துப்பினோம்.

சிலியின் நாய்
அவள் பையை விட்டுவிட்டு
விரல்களை முகர்ந்து
உட்கார்ந்துகொண்டது.
"என்ன அது?" என்றார் அதிகாரி.

கையை விரித்தாள்.
பஸ் நம்பர்,
பழச்சாற்றில் பாதி கரைந்து.