ஒன்றரை நிமிடம்

புதன்கிழமை கண்டி பஸ்ஸில் வந்தது போர்டு,
பிஸ்கட் டின்னுக்குள், பழைய பேப்பரில் சுற்றி.
"ஆறு கோர் அக்கா, பறக்கும்" என்றான் ரொஷாந்த்.
ஹட்டனில் எதுவும் பறந்து நான் பார்த்ததில்லை.
பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்து பனி மட்டும்
நடந்து வந்து என் கடைக்குள் நிற்கும்,
போட்டோகொப்பி எடுக்க வந்ததுபோல.

பழைய தட்டைக் கழற்றி லாச்சியில் போட்டேன்.
புதுசு ஒரு விரல் நீளம்தான்.
அதன் ஒற்றைத் திருகாணி மேசைக்கடியில் உருண்டது.
செலோடேப் ஒட்டினேன், யாரிடமும் சொல்லவில்லை.

பொத்தானை அமுக்க
கறுப்புத் திரையில் சிவப்பாய் ஒரு நட்சத்திரம்
இங்குமங்கும் அலைந்தது.
லினக்ஸ் ஒரு தட்டுக்காகக் காத்திருக்கிறது.
முப்பத்திரண்டு எழுத்தில் ஒரு முகவரி.
லாச்சியில் கிடப்பதன் முகவரி.
ஒன்றரை நிமிடம் எண்ணியது,
பிறகு பாஸ்வேர்டு கேட்டுக் கைகட்டி நின்றது.

கவுண்டரில் இன்பவள்ளி,
மகளின் தாதியர் பயிற்சி விண்ணப்பத்தோடு.
திங்கட்கிழமை கடைசி நாள்.
"சனிக்கிழமை வாங்க" என்றேன்.
ரோஸ்கிளென் பஸ்ஸுக்கு நூற்றிருபது ரூபா, போக மட்டும்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை,
குடையை மட்டும் இரண்டு தரம் உதறினாள்.

பட்டியலைத் திறந்து அந்த வரியைத் தேடினேன்.
அழிக்க மனம் வரவில்லை.
முன்னால் ஒரு வேலிக்குறி போட்டேன்.
வரி இருக்கிறது, யாரும் வாசிக்க மாட்டார்கள்.
பெட்டி எழுந்துகொண்டது.

எழுந்தது, ஆனால்
வியாழன் பகல் இரண்டு பதினேழுக்கு மூலைக் கடிகாரம் நின்றது.
மவுஸ் அம்பு ஒரு கல்யாண அழைப்பிதழின் மேல்
ஈபோலச் செத்துக் கிடந்தது.

ரேமைச் சோதித்தேன், விடிய விடிய, ஒரு பிழையும் இல்லை.
கிராபிக்ஸை முடக்கினேன்,
எழுத்தெல்லாம் பூசணிக்காயாய் வீங்கியது. அப்படியும் நின்றது.
ஊரே கேத்தில் போடும் ஆறு மணி மின்சாரத்தைத் திட்டினேன்.
பதிவேட்டைப் புரட்டினால்
கடைசி வரி: பிரிண்டர் இணைந்தது.
அதற்குப் பிறகு ஒரு முனகலும் இல்லை.

வெள்ளி பின்னேரம் பார்மசிக்காரர் மகன் தினுக வந்து
மூன்று மணி நேரம் கார் ஓட்டினான்.
மலை, பாலம், விபத்து,
பெட்டி கொதித்தது, நிற்கவில்லை.
அம்மா கூப்பிட எழுந்து போனான்.
நான் பிளேன்டீ ஊற்றித் திரும்புவதற்குள்
கடிகாரம் செத்திருந்தது.

கோப்பையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.
வேலையில் அல்ல,
வேலை இல்லாதபோது நிற்கிறது இது.
கை எடுத்தவுடன் தூக்கத்தில் இறங்குகிறது,
படிபடியாய், மின்சாரம் சொட்டுச் சொட்டாய்க் குறைய,
ஏறி வரத் தெம்பில்லாத ஆழத்துக்கு.

பயாஸில் நாலு அறை தாண்டி ஒரு சின்னத் தெரிவு.
மாற்றினேன். கர்னல் வரியின் வாலிலும் ஒரு சொல்:
இதற்குக் கீழே போகாதே.
கரண்ட் பில் கொஞ்சம் ஏறும்.
இரவு முழுக்க அதைத் தனியே விட்டு வந்தேன்.
நானும் சரியாய்த் தூங்கவில்லை.

சனி காலை ஆறு பத்து.
திரையிலும் ஆறு பத்து.

இன்பவள்ளியிடம் சொன்னேன்,
சும்மா இருந்தால் நின்றுபோகிற வியாதி என்று.
"எங்க தோட்டத்தில சும்மா இருந்தா பேரே விழாது,
இதுக்கு யாரு பேர் போடுறது?" என்று சிரித்தாள்.

முகவரி கேட்டேன்.
"கீழ்ப் பிரிவு, நாலாம் நம்பர் லயம், ஏழாம் காம்பரா."
"மண் சரிஞ்சு போன லயமா?"
"அதேதான். இப்ப பள்ளிக்கூடத்துக்குப் பின்னால தகரக் கொட்டகை.
அதுக்கு நம்பர் இல்ல.
பழசையே போடுங்க மிஸ்,
தபால் அய்யாவுக்கு அதுதான் தெரியும்."

ஒரு நிமிடம் விரலை எடுக்காமல் இருந்தேன்.
பிறகு அடித்தேன்: நாலு, ஏழு.
பிரிண்டர் இருமியது,
தாள் சூடாய் வெளியே வந்தது.