புயல் காப்பகத்தில் ஒரு ஞாயிறு

"முன் அனுபவம் தேவையில்லை" என்று
ஐஸ் கம்பெனிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்.
அது மட்டும் என்னிடம் நிறைய இருந்தது,
இல்லாத அனுபவம்.

மண்டபம் புயல் காப்பகத்தில் பதினோரு பேர்.
மரைன் போலீஸ் ஏட்டு,
கீழக்கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ருகையா,
பாசி எடுக்கிற நம்புசெல்வி அக்கா,
கணக்குப்பிள்ளை நான்.

ஓவியர் பெனடிக்டா ஆளுக்கொரு லினோ துண்டு தந்தார்,
உள்ளங்கை அகலம், பிஸ்கட் நிறம்.
"உளியை உடம்பு பக்கம் இழுக்காதீங்க.
மத்தபடி தப்புன்னு எதுவும் இல்ல."

இருந்தது.
'கடல்' என்று செதுக்கினேன்;
தாளில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.
ருகையாவின் பூனைக்கு ஐந்து கால்.
ஏட்டுக்குக் கட்டைவிரலில் ரத்தம்.
அக்கா மட்டும் உட்கார்ந்ததுமே
விரல்களில் துணி சுற்றிக்கொண்டாள்,
பாறைக்கு இறங்கும் நாள் மாதிரி.

மற்றவர்கள் தாளில் பெரும்பாலும்
படகு, சூரியன், குறுக்கே ஒரு நேர்கோடு.
அவள் தாளில் நெளிவுகள்,
மேலிருந்து கீழ்வரை,
ஓரம் தாண்டி மேஜையிலும் கொஞ்சம்.

நான்தான் கேட்டேன்:
"கடல்மட்டம் எங்கக்கா?"

"நான் உள்ளல்ல இருக்கேன்."

பெனடிக்டா எதுவும் சொல்லவில்லை.
உருளையை மறுபடி மையில் ஓட்டினார்.

திங்கட்கிழமை.
நாற்பது பாளம் வரவு, ஆறு உடைசல்.
நகக்கண்ணில் இன்னும் நீலம்.
பேரேட்டில் அச்சடித்த கோடுகள்
ஒன்றுகூட வளையவில்லை.
அதில் ஒன்றின் கீழே
கொஞ்ச நேரம்
எழுதாமல் இருந்தேன்.