நேர்கோடு

படிவத்தின் ஏழாம் பத்தி கேட்கிறது:
ஆயுதத்தின் வகை. தோட்டாவின் அளவு.
சிவகங்கைக்குப் போக வேண்டிய தாள்
மூன்று நாளாய் வட்டி ரசீதுகளுக்கு அடியில் கிடக்கிறது.

தேவகோட்டைக் கிளை.
வாடகைக்கு எடுத்த பழைய செட்டியார் வீட்டில்
தங்கத்துக்குக் கடன் கொடுக்கிறோம்.
ஒன்பது நிலைகள் ஒன்றன்பின் ஒன்றாய்,
நூல் பிடித்து வைத்தவை.
இரண்டாம் கட்டிலிருந்து பார்த்தால்
எதிர்ச்சாரியில் பஞ்சர் ஒட்டும் அந்தோணி
டியூபை வாளியில் முக்குவது தெரியும்.

காவலுக்குச் சேவுகன்.
மணிப்பூரில் பதினொரு வருடம் இருந்தவர்,
அதைப் பற்றிப் பேசாதவர்.
கையில் பன்னிரண்டு போர் இரட்டைக்குழல்.
"ஒருத்தனச் சுட்டா ஒம்பது உருண்டை ஆச்சி.
ஒண்ணு அவனுக்கு.
மிச்ச எட்டும் வரிசைல நிக்கிறவுகளுக்கு."
எட்டு வாராக்கடன்
என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

அவர் கேட்பது கார்பைன்.
குழல் நீளம், தின்பது மட்டும் பிஸ்டலின் தோட்டா.
தோளில் ஊன்றினால் ஆடாது, உதை கம்மி.
கைத்துப்பாக்கி என்றால்
பிடித்தவன் நடுக்கமெல்லாம் அதுக்கும் வந்துரும் என்றார்.
படையில் தூக்கிய ஒன்பது எம்.எம். பற்றி ஒரே வாக்கியம்:
"கீழ விழுந்தா தானாப் பேசும்."
அந்த அளவு நமக்குக் கிடைக்காது.
சர்க்கார் தனக்கென்று வைத்துக்கொண்டது.
மிச்சம் முப்பத்திரண்டு.

திருச்சிக் கடையில்
கண்ணாடி மேல் இரண்டு தோட்டாக்களை நிறுத்தினார்கள்.
ஒன்று முழுக்கச் செம்பு உறை, உருண்டை மூக்கு.
மற்றதற்கு மூக்கில் குழி.
உள்ளே போனால் பூ மாதிரி விரியும் மேடம் என்றான் பையன்,
முந்தானையைப் பிரித்துக் காட்டும் குரலில்.
விரியாவிட்டால்? என்றேன்.
அவன் விலைப்பட்டியலைத் தேடினான்.
சேவுகன் சொன்னார்:
"இந்த அளவுல விரியுறது சந்தேகம்.
விரிஞ்சா ஆழம் போகாது.
சில துப்பாக்கி அத விழுங்கவே மாட்டாம சிக்கிக்கிரும்.
உருண்டையே போதும்."
அது எங்கே நிற்கும்?
கொஞ்சம் யோசித்தார்.
"மனுசன்ல நின்னா நல்லது.
நிக்கலன்னா அவனுக்குப் பின்னால யாருங்கிறதுதான்."

ஞாயிற்றுக்கிழமை, கிளைக்கு விடுமுறை.
ரசீதுக் கட்டுகளைக் கட்டும் சணல்நூலை
அவர் ஸ்டூலிலிருந்து முன்வாசல்வரை இழுத்தோம்,
மார்பு உயரத்தில்.
நாற்பத்து மூன்று அடி.
என் நாற்காலியில் உட்காரச் சொன்னார்.
நூல் கழுத்தை உரசியது.
எழுந்தேன்,
ரவிக்கையின் மூன்றாம் கொக்கி.
அதற்கப்பால்
ராபியத் பீவி மாதாமாதம் வளையலுக்கு வட்டி கட்ட நிற்கும் கல்.
அவர் பேரன் மட்டும்
நூலுக்கு அடியில் தாராளமாய் ஓடலாம்,
இன்னும் இரண்டு வருடம்.
அதற்கப்பால் வாசல், தெரு, நகரப் பேருந்து,
அந்தோணி.

சேவுகன் நூலைச் சுண்டினார்.
மெல்ல முனகியது.
எத்தனை பேரைத் தொட்டுக்கொண்டு முனகுகிறது என்று
நான் எண்ணவில்லை. என் தொழிலே எண்ணுவதுதான்.

பிறகு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனார்.
இடப்பக்கம், மாடிப்படிக்கு அடியில் போட்டு
உட்கார்ந்து பார்த்தார். ஒரு சாண் தள்ளினார்.
அங்கிருந்து வாசலுக்குள் எவன் வந்தாலும்
அவனுக்குப் பின்னால் சுவர்.
இரண்டடிச் செங்கல், சுண்ணாம்பு,
மேலே முட்டை வெள்ளைக்கரு மெழுகிய பளபளப்பு.
சுவரில் ஆளில்லை.
ஒரு பல்லி இருந்தது.

ஏழாம் பத்தியில் என்ன எழுத? என்றேன்.
"எழுதுங்க, எது வேணாலும்.
மொதல்ல இந்த எடத்த எழுதுங்க."
படிவத்தில் ஸ்டூலுக்குப் பத்தி இல்லை.
கார்பைன் என்று எழுதினேன்.
முப்பத்திரண்டு, முழு உறை.
ஓரத்தில் சிறிதாய் ஒரு படம் வரைந்து
சிவகங்கையில் சிரிப்பார்கள் என்று அடித்துவிட்டேன்.

திங்கட்கிழமை ராபியத் பீவி கேட்டார்,
காவக்காரரை ஏன் மூலையில் தள்ளிட்டீங்க?
அங்கே புழுக்கம் என்றேன்.

நிலைக் கொண்டியில் நூல் துண்டு ஒன்று
இன்னும் தொங்குகிறது.
எதிரே அந்தோணி டியூபை முக்கிப்
பிடித்துக்கொண்டிருக்கிறார்,
குமிழ் எங்கே வருகிறதென்று.