ரொட்டி = ரொட்டி + 1

திபிலிசி, அதிகாலை மூன்று மணி.
நிலவறை ரொட்டிக்கடையில்
மாவு மூட்டைமேல் என் மடிக்கணினி.

பயிற்சி சின்னதுதான்:
ரொட்டி பத்துக்குக் குறைவாக இருக்கும்வரை
'இன்னொன்று' என்று அச்சிடு.

ஓட்டினேன்.
இன்னொன்று இன்னொன்று இன்னொன்று
திரை வழிந்தது, நிற்கவேயில்லை.
அடுப்புக்குள் இடுப்புவரை கவிழ்ந்து
சுவரில் மாவை அறைந்துகொண்டிருந்த ஜும்பர் நிமிர்ந்தான்:
"ஊருக்கே சுடுகிறாயா, தேக்லே?"

அவன் ஒன்று ஒட்டினால்
கதவில் கரியால் ஒரு கோடு இழுப்பான்.
என் நிரலில் அந்தக் கோடு இல்லை.
எழுதினேன்:
ரொட்டி = ரொட்டி + 1

ஏழாம் வகுப்பில் இதற்குச் சிவப்பு மை விழுந்திருக்கும்.
தன்னைவிட ஒன்று கூடுதலாகத்
தானே இருப்பது எப்படி?
இங்கே அது சமன்பாடு அல்ல, கட்டளை:
இருப்பதோடு ஒன்று சேர்,
பழைய பெயரிலேயே திரும்ப வை.

மறுபடி ஓட்டினேன்.
நின்றது.
எண்ணினால் ஒன்பது.

திட்டிக்கொண்டே முதல் வரிக்குப் போனேன்.
ரொட்டி = 1 என்று தொடங்கியிருக்கிறேன்,
அடுப்பு இன்னும் வெறுமையாக இருக்கும்போதே.
ஒன்றை அழித்துப் பூஜ்யம் வைத்தேன்.

பத்து வந்தது.
அதற்குள் கதவில் முப்பத்தேழு கோடுகள்.
கருகிப்போன ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டு
ஜும்பர்
கட்டைவிரலால் ஒரு கோட்டை அழித்தான்.