இடது முழங்கால்

பதினோரு மாதம் காத்திருந்து வந்தது.
மிசூரியில் ஒற்றை ஆள் பட்டறை.
வெண்டல் தன் மீன்பிடிப் படகை விற்றான்,
மோட்டாரோடு.
போதாததற்குப் பழைய கிட்டாரையும்
டொபீகாவில் ஒரு தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டான்.

ஓகல்லாலாவில், மோட்டல் அறையில்
பெட்டியைத் திறந்தோம்.
கரும்பச்சை. மழை நின்றபின் வண்டின் முதுகு.
பத்துத் தந்தி, மூன்று பெடல்,
முழங்கால்களுக்கு ஐந்து நெம்புகோல்.
இதைக் கிட்டார் என்பதே ஒரு மரியாதைக்குத்தான்:
மேசை மாதிரி நாலு காலில் நிற்கும்,
கணக்கு எழுதுகிறவன் போலக் குனிந்து
எஃகுக் கட்டையைத் தந்திமேல் நகர்த்த வேண்டும்.

ஸ்பீக்கர் இல்லாமலே ஒரு சுரம் மீட்டினான்.
பெடலை அழுத்தினான்.
அது இன்னொன்றாக உருகிப்போனது.
எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது,
கோடு கிழிக்க முடியவில்லை.
பக்கத்து அறையில் யாரோ தொலைக்காட்சியை அணைத்தார்கள்.
நிகழ்ச்சி முடிந்திருக்கவும் கூடும்.

"சத்தமே இல்லை, பார்" என்றான்.
அவன் சொன்னது அதன் அடிவயிற்றை:
கம்பிகள், திருகுகள், இழுகோல்கள்,
எதுவும் முனகவில்லை.

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

நான் பாஸ் வாசிப்பவன்.
பதினாறு வருடமாக ஒன்றை மறைத்து வைத்திருக்கிறேன்:
நான் எண்ணுவதில்லை.
டிரம்மர்கள் வருவார்கள், போவார்கள்,
அவர்களை நம்ப முடியாது.
பழைய கிட்டாரின் இரண்டாம் பெடல்
பாட்டு வளைவதற்கு ஒரு கணம் முன்னால்
'டிக்' என்று சொல்லும்.
மைக்குக்குக் கேட்காது, ஆடுகிறவர்களுக்குக் கேட்காது,
முன்னால் நின்று பாடும் ட்ரூடிக்குக் கேட்காது.
அந்த டிக்கில் தொங்கிக்கொண்டுதான்
நெப்ராஸ்கா முழுக்க, கான்சாஸில் பாதி,
தப்பாதவன் என்று பேர் வாங்கினேன்.

மெக்குக்கில் முதல் இரவு.
மாட்டுச் சந்தைக்காரர்களின் நடனம்.
வெண்டலுக்குக் கை வந்த கலை
உண்மையில் கால் வந்த கலை.
ஆனால் புதியதில் ஒரு நெம்புகோல்
இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போயிருந்தது.
அவனே கேட்டது, தாளில் வரைந்து அனுப்பியது.
தாள் முழங்காலுக்குப் போய்ச் சேரவில்லை.
மெதுவான வால்ட்ஸ் ஒன்றின் நடுவில்
இடது முழங்கால் பழைய வீட்டுக்குப் போய்
கதவைத் தட்டியது.
அங்கே காற்று.
அப்புறம் வலது ஓடி வந்தது, மூச்சிரைக்க.
ட்ரூடி திரும்பாமல் தோளால் கேட்டாள்: என்ன?

நான் பார்த்துவிட்டேன்.
முழங்கால் தப்பாகப் போகும் அந்தக் கணம்
டிக்கைவிடத் தெளிவான அடையாளம்.

ஒன்பது ஊர்.
அவன் ஒவ்வொரு இரவும் தன்னைத் திட்டிக்கொண்டான்.
நான் அவன் இடது முழங்காலுக்கு
மனசுக்குள் நன்றி சொன்னேன்.
பகலில் வேனில், கண்ணை மூடிக்கொண்டு,
வலது முழங்காலைக் கதவில் இடித்து இடித்துப் பழகினான்.
சோளம், சோளம், தானியக் கிடங்கு, சோளம்.
நான் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன்.
படகைப் பற்றிக்கூடக் கேட்டேன்.
என் புத்தி அப்படி.

பத்தாவது, ஷெரிடன்.
அதே வால்ட்ஸ்.
எலிவளை முன்னால் பூனை மாதிரி
முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அது அசையவில்லை.
ஒரு சுரம் கரைந்து இன்னொன்றாகி
கூடத்தின் கடைசி பெஞ்சுவரை வழிந்தது.
பெரிய தொப்பிக்காரர் ஒருவர் ஆடுவதை விட்டுவிட்டு
மனைவியின் கையை மட்டும் பிடித்தபடி நின்றார்.
வெண்டல் இப்படி வாசித்து நான் கேட்டதில்லை.
கேட்டுக்கொண்டே நின்றுவிட்டேன்.
என் சுரம் வெகு பின்னால்
பஸ்ஸைத் தவறவிட்டவன் போல ஓடி வந்தது.

எல்லோரும் போனபின்
கிட்டாரின் கால்களைத் திருகிக் கழற்றிக்கொண்டே,
நிமிராமல் கேட்டான்:
"இத்தனை வருஷமும் நீ எண்ணவே இல்லையா?"

நாலாவது காலைச் சுற்ற
நான் துணியை நீட்டினேன்.