மேடு

சுழற்றி எடுத்த குழாயில்
இளமஞ்சள் நிற்க வேண்டிய இடத்தில்
பால்.
கோடநாட்டுப் பக்கமிருந்து ஏறிவரும் மேகத்தில்
ஒரு விரற்கடை பிடித்து மூடியதுபோல.
மெஷினுக்குப் போகுமுன்பே தெரியும், கொழுப்பு.

போஜன், ஐம்பத்திநாலு.
ஃபேக்டரியில் பச்சைத்தேயிலை எடை போடுகிறவர்.
வெறும் வயிற்றோடுதானே வந்தீங்க?
ராத்திரி ஏழுக்கு அவரைக் குழம்பு,
அப்புறம் தண்ணிகூட இல்லம்மா.

நெஞ்சு வலிச்சுதா எப்பவாச்சும்?
இல்ல.
இந்த வருஷம் மேடுதான் கூடிப்போச்சு.
தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு வர
நாலு தடவை நிக்கறேன்.

பதினேழு வருஷச் சர்க்கரை
நரம்பின் வாயைக் கட்டிப்போட்டிருந்தது.
இசிஜி தாளில் மட்டும்
ஒரு பழைய பள்ளம்.

எப்ப வந்தது என்று டாக்டர் கேட்க
விரல் மடக்கி மாதம் எண்ணினார்.
மார்கழி, இல்ல, தை.
உறைபனி விழுந்து கொழுந்தெல்லாம் கருகின
காலையில்
சட்டை பிழியப் பிழிய வேர்த்தது சார்.
இன்னைக்கு வெயில் சீக்கிரம்னு நெனச்சு
ஸ்வெட்டரைக் கழற்றித் தோளில் போட்டுக்கிட்டு
தராசுக்குப் போயிட்டேன்.

கிட்டிப்பாவிடம் அன்றைக்கு
நாற்பத்தியொரு கிலோதான்.
அதில் ஈரத்துக்கு இரண்டு கழித்தது வரை
சரியாக ஞாபகம் இருக்கிறது
அவருக்கு.